மாதா வராத சனிக்கிழமை

"எங்கேம்மா மாதா? வந்தாங்களா, இல்ல வழி தெரியாமப் போயிட்டாங்களா?"

கூட்டத்தில் யாரோ கேட்க, கண்மாய்க்கரை முழுக்க ஒரே சிரிப்பு.

சவரியம்மா செபமாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போன ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்று, மாதா தனக்குக் காட்சி கொடுத்ததாகச் சொன்னவள் அவள்தானே!

"சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சூரியனுக்குள்ள வருவாங்களாம். ஊரே கண்மாய்க்கு வரணுமாம். செபமாலை முடியிற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிரணும். நான் சொன்ன பெறகுதான் தொறக்கணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் 'போடி வேலையத்தவளே' என்று துரத்தியிருப்பார்கள். இவள் மரியாயின் சேனை என்கிற கோயில் பக்தசபைக்குத் தலைவி. இருபது வருஷமாக முன்னால் நின்று ஊருக்குச் செபமாலை சொல்கிறவள். பொய் அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. நம்பிவிட்டார்கள். கொட்டாம்பட்டிப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் டீக்கடைகூடப் பூட்டிக் கிடந்தது.

பங்குச்சாமி சந்தியாகு தலைபாடாய் அடித்துக்கொண்டார். "ஆயர் விசாரிச்சுச் சொல்லாம எந்தக் காட்சியையும் நம்பக் கூடாது. யாரும் போகாதீங்க!"

யார் கேட்டார்கள்? கடைசியில், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அவரும் வந்து கடைசி வரிசையில் நின்றார். செபமாலை தொடங்கியதும் அவருக்குள்ளும் ஒரு குறுகுறுப்பு. ஒருவேளை வந்துவிட்டால்? மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாரும் கண்ணைத் திறந்தபோது வெயில்தான் இருந்தது.

"எம்மக கல்யாண வேலை அம்புட்டையும் போட்டுட்டு வந்தேன்யா!" என்று குதித்தார் இன்னாசி. "நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்கப் போறாங்க. மண்டபத்துக்காரன் வேற காத்துக் கெடக்கான்."

மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்புக்குத்தான் அங்கே ஓலை என்று பேர்.

சாமியார் முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சவரியம்மா, மாதா பேரைச் சொல்லி ஊரை ஏமாத்திட்ட. இனிமே நீ சேனைத் தலைவி கிடையாது. கோயில்ல செபமாலையும் நீ சொல்லக் கூடாது."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அவளுக்கென்று இருந்ததே அது ஒன்றுதான்.

"சரிங்க சாமி. எனக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். இப்பவே."

வந்துவிட்டது பார் புத்தி, என்று நினைத்துக்கொண்டே சாமியார் கோயிலுக்குள் போய், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறவர்களுக்கான தொட்டி என்கிற மரக்கூண்டில் உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் காதில் விழுவதை, உயிரே போனாலும் அவர் வெளியே சொல்லக் கூடாது. அது ஊருக்கே தெரியும்.

வலைத்தட்டிக்கு அந்தப்பக்கம் அவள் மண்டியிட்டாள்.

"மாதா எனக்குக் காட்சி குடுக்கல சாமி. பொய் சொன்னேன்."

"அதான் ஊரே பாத்துச்சே. எதுக்குச் சொன்ன? பேரு வாங்கவா?"

"இன்னாசி மக ஜெனிட்டாவுக்காக."

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்தப் புள்ளைக்குத் திருச்சியில நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. அப்பன்காரன் நாப்பது வயசு ரைஸ்மில்காரனுக்குப் பேசி முடிச்சிட்டான். போனைப் புடுங்கி, வாசப்படி தாண்ட விடல. சாமி காரியம்னாத்தான் வெளிய விடுவான். அதான் அத்தனை பேரையும் கண்ணை மூடச் சொன்னேன்."

"அப்படின்னா..."

"பஸ் ஏறிருச்சு சாமி. இந்நேரம் துவரங்குறிச்சி தாண்டியிருக்கும். உங்க முதுகுக்குப் பின்னாடிதான் பையைத் தூக்கிட்டு ஓடுச்சு. நீங்கதான் நம்பலையே, கண்ணைத் தொறந்துருவீகளோன்னு எனக்கு உசுரே இல்ல."

நல்லவேளை, தட்டிக்கு இந்தப்பக்கம் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

"சாமி, இன்னொண்ணு. சேனையில இருந்து என்னை நீக்குனது நீக்குனதாவே இருக்கட்டும். திரும்பச் சேத்தா ஏன்னு ஊரு கேக்கும்."

வெளியே இன்னாசியின் குரல் கேட்டது. "ஏலா ஜெனிட்டா! எங்க போய்த் தொலஞ்ச?"

சாமியார் குரலைத் தாழ்த்திச் சீறினார்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே? ஒவ்வொரு ஓலை வாசிக்கும்போதும், தடை இருந்தா சொல்லுங்கன்னு நான் கேக்கலையா? நானே கல்யாணத்தை நிறுத்தியிருப்பேனே! இதுக்குப் போயி மாதாவை இழுக்கணுமா?"

சவரியம்மா தட்டிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"மொத ஓலை வாசிச்ச அன்னிக்கே அந்தப் புள்ள உங்ககிட்ட வந்துச்சு சாமி. நான் பீடத்துக்குப் பூ மாத்திக்கிட்டு இருந்தேன். உங்க கால்ல விழுந்து அழுதுச்சு. 'தகப்பன் பேச்சைக் கேக்குறதுதான் புள்ளைக்கு அழகு, போம்மா'ன்னு அனுப்பிட்டீக. மகனுக்காக அழுவுற வியாகுல மாதா மாதிரியே இருந்துச்சு அந்த மொகம். எனக்குப் பொறுக்கல."

தட்டிக்கு இந்தப்பக்கம் சாமியார் தலை குனிந்தார்.

"பொய் சொன்னது பாவந்தான். என்ன பரிகாரம் செய்யணும் சாமி?"

அவர் குரல் உடைந்திருந்தது.

"எனக்காக மாதாகிட்ட ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கம்மா."