மேலாளருக்குப் பிடித்த பெயர்

புதுச் சோப்புக்குப் பெயர் யோசிக்கும் கூட்டத்தைச் சுகந்திதான் நடத்தினாள். அறைக்குள் யார் மனதில் எது தோன்றினாலும் அவள் திரையில் எழுத்தாக வந்துவிடும். வெளியேறும்போது அந்த யோசனைகளைக் கம்பெனி எல்லோர் நினைவிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். கூட்டத்தை நடத்தியவளிடம் மட்டும் விட்டுவைக்கும்.

வாசலைத் தாண்டிய பிலவேந்திரன் தயங்கித் திரும்பி வந்தான்.

“மேடம், நேத்துப் பொறந்த எம் பொண்ணுக்கு, உள்ள இருக்கும்போது ஒரு பேரு தோணுச்சு. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. இப்ப சுத்தமா ஞாபகமில்ல. உங்களுக்குத் தெரியும்ல, சொல்லுங்களேன்.”

சற்றுமுன் அந்தப் பெயரைத்தான் மேலாளர் சோப்புக்குத் தேர்ந்தெடுத்திருந்தார். கம்பெனி எடுத்துக்கொண்டதைத் திருப்பிச் சொன்னால் இருவருக்கும் வேலை போய்விடும். நாக்கு நுனிவரை வந்ததைச் சுகந்தி விழுங்கினாள்.

“தெரியலைங்க.”

அவன் மனைவிக்குப் போன் செய்தான்.

“எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது ஸ்டெல்லா. நீயே ஏதாச்சும் வச்சிரு.”