போனவர் தலையில்

"மறுபடியும் புட்டுக்கிச்சா?" கேபினுக்குள்ளிருந்து லோகநாதன் கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் எழில்மொழி.

"எல்லாம் அந்த ஜெயவேல் பண்ண வேலை. போறப்போ இன்னாத்தையோ கலீஜ் பண்ணி வுட்டுட்டுப் போயிருக்கான்."

கல்மண்டபத்தில் ஒரு மீன்வலைக் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இது வழக்கம். யார் வேலையை விட்டுப் போகிறாரோ, அடுத்த ஆள் போகிற வரைக்கும் எல்லாத் தப்புக்கும் அவர்தான் சொந்தக்காரர். ஏசி ஒழுகினால்கூட ஜெயவேல்தான். போனவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

மணி ஒன்று. நாலு மணிக்குள் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் மெஷினுக்குப் புதுப் புரோகிராம் போயாக வேண்டும். போகாவிட்டால் கேட் திறக்காது. லாரிகள் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும்.

புரோகிராம் எழுதி முடித்தாகிவிட்டது. ஆனால் அது நானூறு துண்டாகக் கிடக்கிறது. அத்தனையையும் பெயர் வைத்துத் தேடி, கோத்து ஒன்றாக்கித் தருவது லிங்கர் என்ற இன்னொரு புரோகிராம். அவரவர் துண்டை அவரவர் சோதித்துப் பார்த்ததோடு சரி, கொஞ்ச நாளாக யாரும் முழுசாகக் கோத்துப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்து லிங்கர் பாதி கோக்கும்போதே பொத்தென்று விழுகிறது. ஏன் விழுந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வதுமில்லை.

எழில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். லோகநாதன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். இதற்கு முன் இரண்டு கம்பெனிகள் இதே ஆறாவது மாதத்தில் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டன. மூன்றாவது தடவையும் வியாசர்பாடி வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது?

அந்த லிங்கரை இந்த ஆபீசுக்கென்று எழுதிக் கொடுத்ததே ஜெயவேல்தான். அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது லோகநாதன் உத்தரவு. எழில் மாடிப்படிக்கு வந்து போன் போட்டாள்.

"இன்னா எழிலு, லிங்கர் படுத்துகிச்சா?"

"எப்பிடிண்ணா தெரியும்?"

"வேற எதுக்கு என்னைய நெனைக்கப் போறீங்க? எங்க வுழுது?"

"பேரு தேடற எடத்துல. ஒரே எடத்துல சுத்திகினே கீது, அப்பால வுழுந்துடுது."

"அப்போ யாரோ பேரு மாத்துனதுல கோளாறு. கடைசியா நல்லா ஓடுனதுலேர்ந்து எத்தினி மாத்தம்?"

"அறுவத்தி நாலு."

"பாதியில நிறுத்தி ஓட்டிப் பாரு. ஓடுச்சுன்னா தப்பு அதுக்கு அப்பால கீது. வுழுந்துச்சுன்னா அதுக்குள்ள கீது. அப்பால அதுல பாதி."

முப்பத்திரண்டில் நிறுத்தினாள். விழுந்தது. பதினாறில் ஓடியது. ஒவ்வொரு தடவைக்கும் கால் மணி நேரம். கேபினிலிருந்து "இன்னா ஆச்சு?" என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. இரண்டே முக்காலுக்கு ஒரே ஒரு மாற்றம் மிச்சம் நின்றது.

எடை பார்க்கும் பகுதிக்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். பழைய பெயரைக் கேட்டால் புதுப் பெயரைப் பார் என்று ஒரு வரி. புதுப் பெயரைக் கேட்டால் பழைய பெயரைப் பார் என்று இன்னொரு வரி. அந்த கவுன்டருக்குப் போ, இந்த கவுன்டருக்குப் போ என்று அலைக்கழிக்கப்பட்ட ஆளைப் போல, லிங்கர் சுற்றிச் சுற்றி மயங்கி விழுந்திருக்கிறது.

எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. எழில்மொழி.

போனை எடுத்தாள்.

"கெடச்சுதுண்ணா."

"யாரு பேரு போட்டுருக்கு?"

"அது... வந்துண்ணா..." என்று இழுத்தாள்.

"சரி, மொதல்ல அத்த சரி பண்ணு" என்று ஜெயவேல் வைத்துவிட்டார்.

தப்பான வரியை அழித்தாள். இனிமேல் இப்படிச் சுற்ற நேர்ந்தால் விழாமல் நின்று, எந்தப் பெயரில் கோளாறு என்று சொல்லும்படி லிங்கரிலும் ஐந்து வரி சேர்த்தாள். மூன்றரைக்கு நானூறு துண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. நாலு மணிக்கு எண்ணூரிலிருந்து, கேட் திறக்கிறது என்று தகவல் வந்தது.

லோகநாதன் உள்ளே கூப்பிட்டார். "ஜெயவேல் போன் பண்ணான்."

ஜெயவேல் உண்மையைச் சொல்லிவிட்டார். முடிந்தது. எழிலுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. செய்யாத தப்புக்கெல்லாம் பேச்சு வாங்குகிறவர், இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

"ஒத்துக்கினான். அந்த வரி அவன் எழுதுனதாம். நீ அவன்கிட்ட பேசுனது போவட்டும், நீதான் தேடிக் கண்டுபுடிச்சன்னு சொன்னான். நான் அப்பவே சொன்னேன்ல?"

லோகநாதனுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து யார் பெயர் என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்றில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். வேலை நிரந்தரம்.

"இன்னொண்ணு இன்னா சார்?"

"அவனுக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். இத்த குடுத்தாதான் புதுக் கம்பெனில எடுப்பாங்களாம். நாலு நாளா கெஞ்சிகினு இருந்தான். இன்னிக்குக் குடுக்கலாம்னுதான் எடுத்து வெச்சேன். இனிமே எப்பிடிக் குடுக்கறது?" காகிதத்தை மடித்து டிராயரில் போட்டு மூடினார்.

வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எழிலுக்குத் தோன்றியது. கதவு வரைக்கும் போகவும் போனாள். அப்புறம் திரும்பி வந்து, கையிலிருந்த காகிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

"அந்த வரி நான் எழுதுனது சார். எழுதிப் பன்னெண்டு நாளுதான் ஆவுது. ஜெயவேல் அண்ணன் போயி ஒன்றரை மாசமாச்சு."