பெட்டி கனமா இருக்கணும்

"வாசல்ல கிடக்கிறதையெல்லாம் உள்ள எடுத்துப் போடு கோகுலு! ஃபிரேம்ல இடிக்குது பாரு. ஜல்தி!"

கேமராமேன் கோகுலகிருஷ்ணனை விரட்டிவிட்டு, வல்லரசு மறுபடி நடக்க ஆரம்பித்தான். காலையிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண வீடியோ எடுத்து, யூடியூபில் குறும்படம் போட்டு வளர்ந்த அவனது திண்டிவனம் கம்பெனிக்கு முதல் டிவி சீரியல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மாதிரி எபிசோடில் கதாநாயகி வருகிற ஒரே ஒரு காட்சி மட்டும் பாக்கி. மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் சேனல்காரர்கள் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கம்பெனி வளர வளர வீடுதான் சுருங்கிப்போனது. ஒரு வாரம் கூடம் போலீஸ் ஸ்டேஷன், மறுவாரம் படுக்கையறை ஆஸ்பத்திரி. மனைவி சங்கவி சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள்.

போன் அடித்தது. கதாநாயகி கலைப்பிரியா.

"அண்ணா, காய்ச்சல்ணா. எழுந்திரிக்கவே முடியல."

"போச்சு, எல்லாம் போச்சு!" தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

சங்கவி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, ஒரு விஷயம் பேசணும்னு காலையிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்..."

"பேஜாரு பண்ணாத சங்கவி..." என்றவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஏய், நீயே நடிச்சிடேன்! வூட்ட விட்டுப் போற பொண்டாட்டி. ஒரே ஷாட்டு. புருஷன் முகம் தெரியப்போறதில்ல. கேமரா பக்கத்துல நான் நிக்கிறேன், என்னப் பாத்துப் பேசு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி" என்றாள்.

வசனத் தாளைக் கொடுத்தான். அவள் படிக்காமலே காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

"பேசிட்டு, பெட்டியத் தூக்கிக்கினு தெருமுனை வரைக்கும் போ. வாசல் கேட் கிட்ட ஒரு தடவ திரும்பிப் பாரு. உன் பெட்டியையே எடுத்துக்க. காலிப் பெட்டின்னா காட்டிக் கொடுத்துடும், கனமா இருக்கணும்."

"கனமாத்தான் இருக்கு."

"ஆக்‌ஷன்!"

சங்கவி அவன் கண்ணைப் பார்த்தாள். "எங்கப்பா செத்த அன்னிக்குக்கூட எடிட்டிங்னு சொல்லிட்டு, அவரச் சுடுகாட்டுக்கு எடுத்த பின்னாடிதான் வந்தீங்க. இந்த வூட்டுல கண்டவங்களுக்கெல்லாம் எடம் இருக்கு, எனக்குத்தான் இல்ல. நான் போறேங்க."

வல்லரசுவுக்குச் சுருக்கென்றது. சொந்தக் கதையையே எடுத்து விடுகிறாளே! ஆனால் மானிட்டரில் அவள் கண்ணில் நீர் தளும்பி நின்ற அழகில் அதுவும் மறந்துபோயிற்று. அவள் பெட்டியோடு கேட்டைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி மறைந்தாள்.

"கட்! திரும்பிப் பாக்கல, பரவால்ல. பிச்சு ஒதறிட்டாடா!"

உடனே சேனலுக்கு அனுப்பினான். ஆறிப்போன காபியைக் குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது.

"யாரு சார் இந்தம்மா? நடிப்பு மாதிரியே தெரியல. இவங்களையே கதாநாயகியா போடுங்க. சீரியல் உங்களுக்குத்தான்!"

குதித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான். அங்கே யாரும் இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"கோகுலு, சங்கவி எங்கடா போனா? பெட்டியையும் காணோம்!"

கோகுல் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினான்.

"அண்ணா... கலைப்பிரியா போன் பண்றதுக்கு முன்னாடியே அண்ணி அந்தப் பெட்டியக் கட்டி வாசல்ல வச்சிருந்தாங்க. ஃபிரேம்ல இடிக்குதுன்னு நீங்கதான் உள்ள எடுத்துப் போடச் சொன்னீங்க."