நான்காவது கிண்ணம்
கொட்டகைக் கூரையின் துளை வழியே விழும் காலை வெயில், பெண் ஒட்டகத்தின் வீங்கிய மடியைத் தொடுகிறது. கால்நடை மருத்துவர் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனிக் கிண்ணங்களில் கறந்து, நோயைக் காட்டும் ஊதா நிறச் சோதனை மருந்தைக் கலந்து சுழற்றுகிறார். மூன்றில் பால் நீராக அலைகிறது. நான்காவதில் கூழாகத் திரள்கிறது. "கிருமி இந்தக் காம்போட நிக்குதும்மா. ஆறுற வரைக்கும் குட்டி இதுல வாய் வைக்கக் கூடாது." "அவன் முதல்ல புடிக்கிறதே இதைத்தான் டாக்டர்! இது இல்லேன்னா பட்டினி கெடப்பான். பிடிவாதத்துல எங்க வீட்டுக்காரரேதான்," என்று சிரிக்கும் வளர்ப்பவள், தன் துப்பட்டாவைக் கிழித்து அக்காம்பை மறைத்துக் கட்டுகிறாள். அவிழ்த்துவிட்ட குட்டி நேரே அத்துணியையே முகர்ந்து, நக்கிப் பார்த்து, விலகி நிற்கிறது. அவளது சிரிப்பு அடங்குகிறது. தாய் ஒட்டகம் கழுத்தை வளைத்துக் குட்டியை மோந்து, பின்னங்காலை மெல்ல அகற்றி, அடுத்த காம்பை அதன் வாயருகே கொண்டுவருகிறது.