மாப்பிள்ளை காட்டிய ஊர்

“சார், இந்தத் தெருவையும் ஒரு தடவை ஏறிப் பாத்துடலாமா?”

எல்மர் அண்ணாந்து பார்த்தார். ஜோன்ஸ் தெரு வானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“இப்பதானே தம்பி ஒண்ணு ஏறி இறங்கினோம்? அங்கயும் இதே மாதிரி வீடுங்கதானே இருந்துச்சு?”

“அது டெய்லர் தெரு சார். இது ஜோன்ஸ். ரெண்டும் வேற வேற” என்றான் நிக்கோ, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எல்மர் ஏறத் தொடங்கினார். அறுபது வருஷம் நெப்ராஸ்காவின் சோளக்காட்டில் நடந்தவருக்கு நடை ஒன்றும் புதிதில்லை. ஆனால் சோளக்காடு பாவம், படுத்துக் கிடக்கும். இப்படி எழுந்து நின்று மனுஷனை வதைக்காது.

ஒரே மகள் இங்ரிட், சான் பிரான்சிஸ்கோக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். பையனைப் பார்க்கத்தான் ரெண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு நேற்று வந்து சேர்ந்திருந்தார். 'கடலோரத்துப் பையன்களை நம்பாதே, முடியாதுன்னு சொல்லிட்டு வா' என்பது வீட்டம்மாவின் உத்தரவு.

காலையில், தண்டவாளத்தில் மேடு ஏறும் டிராம் மாதிரியான கேபிள் கார். அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு இங்ரிட் இடப்பக்கப் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். நிக்கோ வலப்பக்கம் தொங்கினான். கட்டிக்கொள்ளப்போகிற ஜோடி பொது இடத்தில் ஒட்டி உரசாமல் ஆளுக்கொரு பக்கம் நின்றது அவருக்கு ரொம்பத் திருப்தி.

ஹைட் தெரு உச்சியில் வளைகுடாவும் நடுவில் சிறைத்தீவும் பளிச்சென்று தெரிந்தன. வண்டியே வாயைப் பிளந்தது. நிக்கோ மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குறுக்குத் தெருவாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். பளபளப்புக்கு மயங்காத பையன் என்று எல்மர் நினைத்துக்கொண்டார்.

இறங்கியபின் நடைதான். வாஷிங்டன் தெரு, கிளே தெரு, பெயர் தெரியாத நாலைந்து சந்து.

“பசிக்குதும்மா. துறைமுகத்துல நண்டு நல்லா இருக்கும்னாங்களே” என்றார் மகளிடம்.

“போலாம்ப்பா. துறைமுகம் எங்கயும் போயிடாது” என்றாள் இங்ரிட்.

“ஏன் தம்பி, வண்டியெல்லாம் சக்கரத்தை ஓரமா திருப்பி வச்சு நிறுத்தியிருக்காங்க?”

“திருப்பலன்னா உருண்டு போயிடும் சார்” என்றான் நிக்கோ. சொல்லிவிட்டு நடையை இன்னும் வேகமாக்கினான்.

ஜோன்ஸ் தெரு உச்சியில் எல்மர் ஒரு வீட்டுப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். நிக்கோ உட்காரவில்லை. அடுத்த தெரு முனைவரை ஓடி, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எல்மருக்கு மனசு இளகிவிட்டது.

“இங்க வா தம்பி. உன்னை வேண்டாம்னு சொல்லத்தான் நான் வந்தேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊருக்கு வந்தவனுக்கு நாலு இடத்தைக் காட்டிட்டுக் கை கழுவுற ஆளுங்கதான் ஜாஸ்தி. நீ சந்து பொந்து விடல. கிழவன்கூட நாள் பூரா அலையறே, ஒரு முகச்சுளிப்பு இல்ல. இந்தப் பொறுமை போதும். என் பொண்ணு உனக்குத்தான்.”

நிக்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நிஜமாவா சார்? அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?”

“எங்க பக்கம் வாக்குன்னா வாக்குதான். வானமே இடிஞ்சு விழுந்தாலும் மாத்த மாட்டேன்.”

நிக்கோ இங்ரிட்டைப் பார்த்தான். 'சொல்லிடு' என்று அவள் தலையாட்டினாள்.

“நேத்து சாயங்காலம் உங்க புது டிரக்கை எங்கயாவது நிறுத்திட்டு வான்னு சாவியைக் குடுத்தீங்களே சார்... இடம் தேடித் தேடி, அந்தப் பனிமூட்டத்துல ஒரு மேட்டுல நிறுத்திட்டேன். எந்த மேடுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் காலையில இருந்து தேடிக்கிட்டிருக்கோம்.”