காற்று எந்தப் பக்கம்?

சென்னைக்குப் பக்கத்து ஏரியில் கொம்பையா என்ற கிழக் கூழைக்கடா குடியிருந்தது. அதன் தம்பி தவசிக்கு வாசம் கொல்கத்தாவில். இடையில் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். காற்று துணைக்கு வந்தால் மூன்று நாளில் பறந்துவிடலாம். எதிர்த்தால் ஐந்து நாள்.

தவசிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பார்வை முழுசாகப் போவதற்குள் அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தகைவிலான் குருவியிடம் சொல்லி அனுப்பியது.

"அம்மா செத்ததுக்கே எதிர்க்காத்துன்னு வராத பய அவன்," என்றது கொம்பையா.

"இப்ப ஆடிக் காத்துண்ணே. உங்களைத் தூக்கிட்டுப் போயிரும்," என்றது குருவி.

"போறதுக்கு மூணு நாள் சரி. திரும்பி வர அஞ்சு நாள் எவன் பறக்கிறது? காத்து திரும்பினதும் அவனை வரச் சொல்லு."

ஐப்பசியில் காற்று திரும்பியது. குருவியும் திரும்பி வந்தது.

"தனியா வர அவருக்குக் கண்ணு பத்தலையாம். நீங்கதான் வரணுமாம்."

"இப்ப எனக்குல்ல எதிர்க்காத்து!"

கட்டைவிரல் தண்டி உடம்பை வைத்துக்கொண்டு குருவி ஒரு வருஷம் அங்கும் இங்கும் பறந்தது. அடுத்த ஐப்பசியில் இளைத்துப்போய் வந்து கரையில் உட்கார்ந்தது.

"அண்ணே, அவருக்குக் கண்ணு சுத்தமாப் போயிருச்சு. உங்க குரலையாவது கேக்கணுங்கிறாரு."

கொம்பையா இறக்கையைக் கோதிக்கொண்டே சொன்னது:

"குரல்தானே? என்னை மாதிரி நீயே ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துரு. அவ்வளவு தூரம் யாராலப்பா பறக்க முடியும்?"