முள் ஏறிய மத்தியானம்

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் மருமகள், பக்கத்து வீட்டு டீச்சரம்மா, கோழிக்குஞ்சு லாரியின் டிரைவர், எதிர் வீட்டுக்காரர்.

லாரிக்குள் எட்டாயிரம் குஞ்சுகள். பொரிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

மற்றவர்கள் எட்ட நின்று பார்த்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதி.

மத்தியானம் ஒரு மணி. எங்கள் வீட்டு முன்னால் உள்ள வேகத்தடையில் ஏறி இறங்கிய லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. பின்சக்கரத்து வில்பட்டையைத் தாங்கும் இரும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. டிரைவர் ஜாக்கி வைத்து அதைக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் கார் ஷெட்டுக்குள் வந்தார்.

லாரி ஓடினால்தான் உள்ளே காற்று, நின்றால் அடுப்பு என்றார். குஞ்சுகள் ஒரு மணி நேரம் தாங்குமாம். வேறு லாரி வர மூன்று மணி நேரம் ஆகுமாம்.

என் மருமகள் இரும்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கப்பல் கட்டும் இடத்தில் நான்கு வருடம் வெல்டிங் செய்தவள். எங்கள் ஷெட்டில் கார் கிடையாது, அவளுடைய மெஷின்தான். ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் சொன்னால் சொன்னதுதான்.

விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து, முகமூடியை இறக்கி, வெல்டிங் ராடை வைத்தாள். ஒரு பொறி எழுந்து செத்தது. ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. உலுக்கிப் பிரித்து மறுபடி வைத்தாள். மறுபடி ஒட்டிக்கொண்டது.

“கரண்டு பத்தல மாமா. தெருவே ஏசி போட்டுட்டுப் படுத்திருக்கு. இதுல ஒட்டினா மேலோட மேலதான் ஒட்டும், அடுத்த மேட்டுல பிச்சுக்கும்.”

சுவரில் இருக்கும் வோல்ட் மீட்டரின் முள் நூற்று அறுபதில் கிடந்தது. அவளுக்கு இருநூறாவது வேண்டும்.

யாரிடமும் போய் நின்று பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. நான் அசையவில்லை.

“உன் மாமனார் வாயத் திறக்கறதுக்குள்ள குஞ்செல்லாம் முட்டையே போட்டுடும். நான் போறேன்.” டீச்சரம்மா இதை என் காதுபடவே சொன்னார். எங்கள் மெஷின் ஓடினால் தன் வீட்டு டிவி கண்ணடிக்கிறது என்று நாள் தவறாமல் குறைபட்டுக்கொள்கிறவர் அவர்.

வீடு வீடாகப் போய் ஏசியை அணைக்கச் சொல்ல எங்கள் வரிசையை அவர் எடுத்துக்கொண்டார், எதிர் வரிசையை என் மனைவி.

பிறகு நான் கண்டதை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

முள் நகர்ந்தது.

நூற்று அறுபத்தைந்து. எழுபது. எங்கோ ஒரு மோட்டார் நின்றது. எழுபத்தெட்டு. கண்ணுக்குத் தெரியாத மனிதர்கள் தோள்கொடுத்து அந்த முள்ளைத் தூக்குவது போல இருந்தது. அந்த வெயிலில் ஒவ்வொரு வீடும் தன் காற்றைத் தானே நிறுத்திவிட்டு, வேர்த்து வடிய வாசலுக்கு வந்தது.

எங்கள் தெருவுக்குள் இவ்வளவு அமைதி இருந்தது எனக்குத் தெரியாது. குஞ்சுகளின் கீச்சு மட்டும் கேட்டது. வரும்போது அடைமழையாக இருந்த சத்தம் தூறலாகியிருந்தது.

முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

எதிர் வீட்டு மாடியில் மூன்று ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டோடு எங்களுக்கு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இந்த மெஷின் மேல் மின் அலுவலகத்தில் இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தவர் அந்த வீட்டுக்காரர். பனியனோடு வாசலில்தான் நின்றார். சின்ன வயதிலிருந்தே வெக்கை தாங்காதவர்.

என் மனைவி அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வந்து என் முகத்தைப் பார்த்தாள். டிரைவர் லாரிக் கதவைத் திறந்துவைத்துத் துண்டால் குஞ்சுகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். மருமகள் முகமூடியைத் தூக்கிவிட்டு முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் கொடுத்த வாக்கு என் வீட்டு வாக்கு.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். இரண்டே வார்த்தை சொன்னேன். எதிர் வீட்டுக்காரர் உள்ளே போனார்.

நான் ஷெட்டுக்குத் திரும்புவதற்குள் முள் இருநூற்றுப் பத்து.

ராடு தொட்டது.

அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்த்தேன். எங்கள் நிழல்கள் கரியால் வரைந்தது போல நின்றன. எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம், நடுவில் ஒரு விக்கல் இல்லை. ஒரு தெரு முழுக்க விட்டுக்கொடுத்தது எல்லாம் ஒரு பெண்ணின் கைப்பிடிக்குள் வந்து, கடுகளவு இடத்தில் எரிந்தது.

முடித்ததும் சுத்தியலை எடுத்தாள். தட்ட வேண்டியிருக்கவில்லை. மேலே படிந்திருந்த கசடு தானாகவே சுருண்டு விழுந்தது. அடியில் மீன் செதிலை அடுக்கிவைத்தாற்போல இரும்பு.

டிரைவர் அவசரத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கினார். ஊற்றினால் விரிசல் விடும் என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அது தானாக ஆறும்வரை சுற்றி நின்றோம். 

டிரைவர் அதை மாட்டி முடித்ததும் லாரி அடுத்த வேகத்தடையில் மெல்ல ஏறி, இறங்கி, போயிற்று. வளைவு வரைக்கும் கீச்சு கேட்டது. இறந்தவை நாற்பதுக்குள்தான் என்று டிரைவர் மறுநாள் தகவல் சொன்னார்.

அன்று நான் எதிர் வீட்டு வாசலில் போய்க் கைகூப்பிக் கெஞ்சியதாகத் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது.

தவறு. “மெயினை அணைடா” என்றேன். கூடப்பிறந்த தம்பியிடம் கைகூப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.